நடப்பவரும் சைக்கிளும் குதிரையும் போகும் பாதையில் வருடம் முழுக்கத் தனியாக நடக்கலாமா?

உங்கள் கேள்வி இரண்டு வரிதான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொதுப் பாதை இருக்கிறது, அதில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் வருபவர்கள் எல்லோரும் போகிறார்கள், பனி விழுந்தால், காலில் நீளமான பட்டைகளை மாட்டிப் பனிமேல் சறுக்கிப் போகும் ஸ்கீக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். எந்தப் பருவத்தில் ஆபத்து அதிகம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் பின்னாலிருந்து வந்த சைக்கிள் ஒன்று தோளை உரசிவிட்டுப் போனதில் விழுந்திருக்கிறீர்கள், அன்றிலிருந்து வீட்டில் "இனி தனியாகப் போகாதே" என்கிறார்கள். நீங்கள் கேட்பது பையில் என்ன வைப்பது என்பதல்ல, இந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டுமா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இப்படிப்பட்ட ஒரு பாதையில் 14 வருடமாகத் தன்னார்வலராக ரோந்து போகிறேன். விழுந்த கிளையை இழுத்துப் போடுவது, வழி தவறியவரைக் கொண்டுவிடுவது, அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை முதலுதவி செய்வது, இவ்வளவுதான் வேலை. முதலுதவிப் பயிற்சியை விடாமல் புதுப்பித்து வருகிறேன், ஆனால் டாக்டர் அல்ல. நடையும் சைக்கிளும் எனக்குப் பழக்கம். குதிரை ஏறியதே இல்லை. குதிரையைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதில் வருபவர்கள் எனக்குக் கற்றுத்தந்தது.

எந்தப் பருவம் ஆபத்து என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. பாதை அதேதான், ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். பருவம் மாறும்போது மாறுவது இரண்டு. ஒன்று, எதிரே ஏதாவது வந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும் என்பது. இன்னொன்று, அடிபட்டு ஓரிடத்தில் நின்றுவிட நேர்ந்தால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பது. ரோந்தில் நான் பார்த்த விபத்துகளை இந்த இரண்டில் ஒன்றில் அடக்கிவிடலாம். காட்டுவிலங்கு, திருடன் என்று வீட்டில் பயப்படுவது எதுவும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வந்ததில்லை.

முதலில் நிற்கும் தூரம். சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது அவசரமே இல்லாத வேகம். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போய்விடும். உங்களைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை அழுத்த ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 6 முதல் 8 மீட்டர் ஓடிவிட்டது. காய்ந்த, நல்ல தரையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய 4 மீட்டர். ஆக 10, 12 மீட்டர். வேகம் 30 ஆனால் பிரேக் பிடிக்கும் தூரம் ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்கு ஆகும். இது கருத்தல்ல, பள்ளிக்கூட இயற்பியல். இனி அதே தரையில் ஈர இலைகள் கிடக்கின்றன, பிடிமானம் மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4 மீட்டர் 12 ஆகிவிடும். உறைந்த தரையில் கணக்கே வேண்டாம், பிரேக் பிடித்தால் சைக்கிள் படுத்துவிடும். வளைவில் 15 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில், கோடையில் சமாளித்த அதே ஆள், அதே வேகத்தில், இலையுதிர்காலத்தில் உங்கள் மேல்தான் வந்து நிற்பார்.

ஆகவே சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் வாருங்கள் என்பதுதான். நீங்கள் நடப்பவர், அவர் வேகம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது, நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவர் ஊகிக்கும்படி நடப்பது. ஒரே கோட்டில் நடங்கள். திரும்ப வேண்டுமானால், கடிகாரத்தையோ போனையோ பார்க்க நிற்க வேண்டுமானால், முதலில் தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள், பிறகு ஓரம் ஒதுங்குங்கள். நான் பார்த்த உரசல்களில் பாதிக்கு மேல், நடப்பவர் சட்டென்று பின்னால் திரும்பிய அந்த ஒரு அடியில் நடந்தவை. உங்கள் விஷயத்தில் தவறு யாருடையது என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து முந்துபவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெல் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பலர் முதுகுக்கு இரண்டு மீட்டர் பின்னால் வந்து அடிக்கிறார்கள். கேட்டவர் துள்ளிக் குதிப்பார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. 20 மீட்டர் முன்பே ஒருமுறை அடித்து, வேகத்தைக் குறைத்து, அவர் தலை அசைவதைப் பார்த்த பிறகு கடக்க வேண்டும். "இடது பக்கம் வருகிறேன்" என்று கத்துவது நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அனுபவத்தில், "இடது" என்ற சொல் காதில் விழுந்ததும் இடது பக்கமே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. நான் பக்கத்தையே சொல்வதில்லை. "பின்னால் சைக்கிள், அப்படியே நடங்கள்" என்பேன். அதற்கு இதுவரை யாரும் குதித்ததில்லை.

ஹெட்போன் போடலாமா என்பதற்கு உறுதியான பதிலும் அரைகுறையான பதிலும் இருக்கின்றன. இரண்டு காதையும் அடைத்து, வெளிச்சத்தத்தை அழிக்கும் ஹெட்போனோடு இந்தப் பாதையில் நடப்பது தவறு, இதில் விவாதமே இல்லை. ஒரே காதில் மெல்லிய ஒலியில் போட்டால் பரவாயில்லையா என்றால், என் கருத்து பரவாயில்லை என்பது, ஆனால் அது கருத்துதான். ஒரு காதால் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது சரியாகப் பிடிபடாது. பனிக்காலத்தில் குல்லாயும் காதை மூடிவிடும் என்பதால் அப்போது அதுவும் வேண்டாம்.

நாய்க்கயிறு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பித்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் மெல்லிய கயிறு. எஜமானர் பாதையின் ஒரு ஓரம், நாய் மறு ஓரத்துப் புதரில், நடுவில் முழங்கால் உயரத்தில் கயிறு. அந்தி வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஓடிவந்த ஒருவரின் காலில் அது சுற்றி இழுத்ததில் தோல் நெருப்புச் சுட்டதுபோல் வெந்து போயிருந்ததை நான் கட்டுப்போட்டிருக்கிறேன். நாயோடு நடப்பதானால் கட்டையான, நீளாத கயிறு, நாய் உங்களுக்கு வெளிப்புறத்தில், அதாவது பாதையின் ஓரத்துப் பக்கம். குழந்தையோடு நடந்தாலும் இதே ஏற்பாடுதான்.

குதிரை. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதில் பல நாடுகளிலும் ஏற்கப்பட்ட வழக்கம், சைக்கிள் நடப்பவருக்கு வழிவிடும், இருவரும் குதிரைக்கு வழிவிடுவார்கள். காரணம் மரியாதை அல்ல. குதிரை வேட்டையாடப்பட்டுப் பழகிய விலங்கு, திடீரென்று எதுவும் தோன்றினால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். அதற்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும்; மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பதுபோல் மோசமானது வேறில்லை. பேசுங்கள். என்ன பேசுவது என்று கேட்காதீர்கள், "வணக்கம், எந்தப் பக்கம் போகட்டும்?" என்றால் போதும். மனிதக் குரல் கேட்டதும் முதுகில் பெரிய மூட்டையோடு குடை பிடித்து வரும் அந்த விநோத உருவம் மனிதர்தான் என்று அதற்குப் புரிந்துவிடும். சரிவான பாதை என்றால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள் என்பார்கள் குதிரைக்காரர்கள்: மிரண்டால் பெரும்பாலும் மேட்டை நோக்கித்தான் ஓடப் பார்க்குமாம், மேலும் உயரத்தில் நிற்கும் உருவம் அதற்குப் பாய வரும் மிருகம்போலத் தெரியுமாம். பள்ளம் செங்குத்தாக இருந்தால் இந்த விதியை விட்டுவிட்டுக் குதிரையில் வருபவரிடமே கேளுங்கள். மழைக்கோட்டு படபடக்கும் காலத்திலும், காற்று பலமாக அடிக்கும் நாளிலும் குதிரைக்குப் பதற்றம் அதிகம்.

இன்னும் ஓரிடம். பாதை சாலையைக் கடக்கும் இடமும், வண்டி உள்ளே வராமலிருக்க நடுவில் நட்டிருக்கும் குட்டைத் தூணும். எலும்பு முறிவுகளில் கொஞ்சத்தை நான் அந்தத் தூண்களின் கணக்கில்தான் எழுதுவேன். கூட்டமாகச் சைக்கிளில் வரும்போது முன்னால் போகிறவர் விலகிவிடுவார், பின்னால் வருபவருக்கு அவர் முதுகு மட்டுமே தெரியும். சாலையைக் கடக்கும்போது, பாதையில் உங்களுக்கு இருந்த உரிமை எல்லாம் அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நில்லுங்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.

இனி பருவங்கள். பனி உருகும் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேறு இருக்கும், அதைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள், சுற்றிப் போகப் போகத்தான் பாதை இரண்டு மடங்கு அகலமாகிப் புல்லெல்லாம் சாகிறது. பாதையின் குறுக்கே வெள்ளம் ஓடினால் இறங்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், கீழே பாதை அரித்துப்போயிருந்தால் மேலிருந்து தெரியாது. பெருங்காற்றுக்கு மறுநாள் தலையையும் நிமிர்த்திப் பாருங்கள், முறிந்த கிளைகள் உடனே விழுவதில்லை, வேறு கிளையில் தொங்கிக்கொண்டு ஒரு நாளுக்காகக் காத்திருக்கும்.

உண்ணிக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் குளிர் விட்டதும் முதலில் விழிப்பது அதுதான். உயரமான புல்லின் நுனியில் கால்களை நீட்டிக் காத்திருக்கும். பாதையின் நடுவில் நடந்தால் பெரும்பாலும் ஏறாது. வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டை, அக்குள், மயிரடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். உண்ணிக்கடியால் வரும் பாக்டீரியா தொற்றான லைம் நோய்க்கு உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்றே எடுத்துவிட்டால் பெரும் பயமில்லை. ஆனால் இந்த ஆறுதல் லைமுக்கு மட்டும். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸ் கடித்த சில நிமிடங்களிலேயே உடலுக்குள் போய்விடும்; அந்த நோய் உள்ள வட்டாரமானால் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, கடித்த தேதியோடு போய்க் காட்டுங்கள். நான் காலண்டரில் குறித்துவைப்பேன்.

கோடையில் ஆட்கள் அதிகம், அதுவே முதல் தொல்லை. அதைத் தவிர வெயில். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதனால் ஆண்டின் முதல் வெப்ப அலையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், கடும் கோடையின் நடுவில் அல்ல. தலைவலி, குமட்டல், தளர்ச்சி என்றால் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, திரும்பிவிடலாம். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எரிச்சலோடு பதில் சொன்னாலோ அது வேறு விஷயம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர்போகும் அவசரம். தோல் காய்ந்திருந்தால்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்தவருக்கு வரும்போது வியர்வை கொட்டிக்கொண்டேகூட இருக்கும். ஒருமுறை ஒரு ஓட்டக்காரர் மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்து, தன் சொந்தப் பெயருக்கே யோசித்துக்கொண்டிருந்தார், சட்டை பிழிந்தால் ஒழுகும் அளவு ஈரம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை ஓடைத் தண்ணீரைத் தொப்பியில் மொண்டு மொண்டு உடல் முழுக்க ஊற்றி விசிறினோம். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. இந்த வரிசை முக்கியம். குழம்பிய நிலையில் இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. இன்னொன்று, பயந்துபோய்த் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பு குறைந்து அதே குழப்பம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், நெடுநேரம் நடந்தால் உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள்.

இடி. சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுவீர்களே, 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர், அப்போதே கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வர வேண்டும். திறந்த கொட்டகையும் தனி மரமும் மழையிலிருந்து காப்பாற்றும், மின்னலிலிருந்து அல்ல. யாருக்காவது மின்னல் தாக்கியிருந்தால் தொட்டால் நமக்கும் பாயும் என்று தள்ளி நிற்காதீர்கள், உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், உங்களைப்போல நடப்பவருக்குக் கவனம் மிக அதிகம் தேவைப்படுவது இலையுதிர்காலத்தில்தான். ஆபத்து பெரிதென்பதால் அல்ல, அது சொல்லாமல் வருவதால். வானிலை இதமாக இருக்கும், காலில் கோடைச் செருப்பு, மனதில் கோடை நேரம். போன வாரம் இதே 6 மணிக்கு வெளிச்சம் இருந்ததே என்று கிளம்புவோம். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, பொழுது சாயும் நேரம் ஒவ்வொரு வாரமும் நிமிடக்கணக்கில் முன்னால் ஓடிவரும். கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள், ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். தோராயக் கணக்குதான், துருவப் பக்கம் போகப்போகத் தவறும், ஆனால் "திரும்பலாமா" என்று முடிவு செய்யப் போதும். மரம் அடர்ந்த பாதையில் அதிலும் அரைமணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் உடையின் நிறத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு ஃப்ளோரசன்ட் உடை பகலிலும், மேகமூட்டத்திலும் அருமையாகத் தெரியும், ஏனென்றால் அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. இருட்டில் அந்தக் கதிரே கிடையாது, அப்போது அது வெறும் வெளிர் நிறத் துணிதான். இருட்டில் வேலை செய்வது, விளக்கு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை. அதையும் நெஞ்சில் மட்டும் ஒட்டினால் ஓட்டுபவருக்கு ஏதோ ஒரு பலகைபோலத் தெரியும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் கட்டுங்கள். அசையும் இடங்கள் மின்னினால் "அது மனிதர், நடக்கிறார்" என்று மூளை வெகு தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப உறுதியானது இது, அதோடு கணுக்கால் பட்டைபோல் மலிவான பாதுகாப்பும் வேறில்லை. டார்ச் எடுத்துப் போங்கள், எதிரே ஆள் வந்தால் தரையைப் பார்த்துத் திருப்புங்கள். கண் கூசியவர் இருட்டுக்குத் திரும்பப் பழக நிமிடங்கள் ஆகும். அதுவரை அவர் குருடர்போலத்தான் சைக்கிள் ஓட்டுகிறார்.

இலை விழுந்த தரையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இலைக்குக் கீழே வேர், கல், படிக்கட்டு எல்லாம் ஒளிந்திருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதையை ஒட்டி வேட்டைக்கு அனுமதி உள்ள இடங்களில் அந்த நாட்கள் எவை என்று நுழைவாயில் பலகையில் போட்டிருப்பார்கள்; அப்போது உங்களுக்கும் நாய்க்கும் பளீர் ஆரஞ்சு, பாதையை விட்டு விலகாத நடை.

பனிக்காலத்தில் என் சொந்தக் கதை. ஒரு காலைப்பொழுது, தரையில் ஈரம்கூட இல்லை, பனி எங்கும் தெரியவில்லை. நன்றாகத்தான் நடந்து வந்தேன். மரப்பாலத்தில் இரண்டாவது அடி வைத்ததும் கால் முன்னால் போய்விட்டது. பலகையின் மேல் கண்ணாடிபோல் மெல்லிய படலம், நிறமே இல்லை, பலகையின் கோடுகள்கூட அதன் வழியே தெளிவாகத் தெரிந்தன. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. மண் தரைக்குக் கீழிருந்து கொஞ்சம் சூடு வந்துகொண்டே இருக்கும். பாலத்துக்கு மேலும் குளிர்காற்று, கீழும் குளிர்காற்று, அதனால் அதுதான் முதலில் உறையும். அடுத்து உறைவது நாளெல்லாம் நிழல் விழும் வளைவு. அன்றிலிருந்து பாலத்தின் முதல் பலகையைக் காலால் தேய்த்துப் பார்க்காமல் ஏறுவதில்லை. உறைந்த தரையில் குட்டிக் குட்டி அடியாக, உடல் பாரம் முன்காலுக்கு நேர் மேலே இருக்கும்படி, கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து நடக்க வேண்டும். பார்க்க வாத்துபோல் இருக்கும், இருக்கட்டும். செருப்பின் அடியில் மாட்டும் முள்பட்டைகள் உறைந்த பாதையில் மிக நன்றாகப் பிடிக்கும். அதே பட்டையோடு வழவழப்பான கல் தளத்திலோ ஓய்வறைத் தரையிலோ நடந்தால் அதுவே வழுக்கும், கழற்றிவிடுங்கள்.

ஸ்கீ வந்துவிட்டால் விதிகள் சற்று மாறும். மேட்டுப் பாதையில் சைக்கிள்காரர்களுக்கு உள்ள வழக்கம், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது. நெடுந்தூர ஸ்கீயில் நேர் எதிர். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி ஏறுபவர்தான் இறங்குபவருக்கு வழிவிட வேண்டும், ஏனென்றால் இறங்குபவரால் நிற்க முடிவதில்லை. கோடை வழக்கத்தை மனதில் வைத்து, "அவர் நிறுத்திக்கொள்வார்" என்று மேட்டில் ஏறி வந்துகொண்டே இருக்காதீர்கள். பனியில் இரட்டைக் கோடாகப் பதித்திருக்கும் ஸ்கீத் தடத்தில் நடக்காதீர்கள், உங்கள் காலடிக் குழி இரவில் உறைந்து மறுநாள் ஒருவரின் முழங்காலைத் திருப்பும். உறைந்த ஏரி குறுக்குவழிபோலத் தெரியும். தெளிவான, புதிய பனிக்கட்டி ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்பார்கள். வெண்மையாக இருந்தால் அதன் பலம் பாதிதான். நீரோட்டத்துக்கு மேல் உள்ளதை, எவ்வளவு தடிமன் இருந்தாலும், நம்பக்கூடாது. நான் அளந்து பார்த்துக்கூடப் போவதில்லை.

குளிரைப் பற்றி முக்கியமான ஒன்று, அது ஆபத்தாக உறைநிலைக்குக் கீழே போகத் தேவையில்லை. 8 டிகிரி, மழை, காற்று, நனைந்த பருத்திச் சட்டை போதும். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், தடுமாற்றம், ஜிப்பைப் போட முடியாத விரல்கள், வாய் குழறல், காரணமில்லாத சிடுசிடுப்பு வரும். நடுக்கம் நின்றுவிட்டால் நலமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், மோசமாகிவிட்டது என்று அர்த்தம். காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, முக்கியமாகத் தரைக்கும் உடலுக்கும் நடுவில் ஏதாவது விரிக்க வேண்டும். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது கூடவே கூடாது, தோலுக்கு இரத்தம் ஓடிச் சூடுபோல் தோன்றும், உள்ளே இன்னும் குளிர்ந்துவிடும்.

நான் முதலில் சொன்ன இரண்டாவது கணக்கு இங்கேதான் வருகிறது. கோடையில் கணுக்கால் சுளுக்கினால் கல்மேல் உட்கார்ந்து, யாராவது வரும்வரை பறவை பார்க்கலாம். பனிக்காலத்தில் அதே சுளுக்கு, அதே கல், வியர்த்த சட்டை, ஒரு மணி நேரம் என்றால் உயிரோடு விளையாட்டு. நடக்கும்போது உடலே அடுப்பு. நின்றதும் அடுப்பு அணைந்துவிடும். அதனால் பனிக்காலப் பையை நடப்பதற்காகக் கட்டாதீர்கள், நடக்க முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்காகக் கட்டுங்கள். ஒரு தடித்த உலர்ந்த மேலாடை, கூடுதல் கையுறை, குல்லாய், உட்கார ஒரு துண்டு நுரைப்பாய், பளபளக்கும் மெல்லிய அவசரப் போர்வை, சூடான ஏதாவது ஒரு குடுவை, டார்ச், விசில். மற்ற பருவங்களில் தண்ணீர், கட்டுத்துணி, இடுக்கி, டார்ச், விசில், மழைச்சட்டை போதும். விசிலை மூன்று மூன்றாக ஊதினால் உதவிக்கான அழைப்பு என்று பல இடங்களில் புரிந்துகொள்வார்கள். குரல் பத்து நிமிடத்தில் கம்மிவிடும், விசில் கம்மாது.

போன் குளிரில் சட்டென்று அணைந்துவிடும், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தாலும். உட்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். அவசர எண் நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் 112 பல நாடுகளில் கைபேசியிலிருந்து போய்ச் சேரும். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொன்னவர்களைத் தேடி நான் நிறைய நடந்திருக்கிறேன். பாதையோரத்தில் தூரக்கல் இருந்தால் கடக்கும்போதெல்லாம் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கூப்பிடும் நேரத்தில் மனதில் இருக்கும்.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. தனியாகப் போகலாம் என்றுதான் நான் சொல்வேன், வருடம் முழுக்கவும். சைக்கிள் உரசியதற்கும் தனிமைக்கும் சம்பந்தமில்லை; இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடந்திருந்தால் பாதை இன்னும் குறுகியிருக்கும். தனிமை கணக்கில் வருவது, விழுந்த பிறகு எவ்வளவு நேரம் கிடக்க வேண்டியிருக்கும் என்பதில் மட்டும். ஆள் நடமாட்டமுள்ள பகலில், மழையில்லாத நாளில் அது சில நிமிடம்தான். கடும் குளிரிலும், பனி மூடிய வாரநாள் மாலையிலும் மணிக்கணக்காகலாம், அந்த நாட்களில் மட்டும் துணையோடு போங்கள் அல்லது நுழைவாயிலுக்கு அருகிலேயே திரும்பத் திரும்ப நடங்கள். சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ இருந்தாலும், விழுந்ததில் தலையில் அடிபட்டு இன்னும் தலைசுற்றல் இருந்தாலும், என் பதிலை ஒதுக்கிவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவரோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: எந்த வாசலில் நுழைகிறேன், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு நீங்கள் என்ன செய்ய வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரும்பியதும் "வந்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பவும் மறக்காதீர்கள். ஒருமுறை நான் அதை மறந்து நிதானமாகக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, என் தம்பி டார்ச்சோடு மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டிப் போயிருந்தான்.